வித்தைக்கு விதி வகுத்தவர் யார்?

கதையிலோ நாடகத்திலோ ஒரு பாத்திரம் புதிதாக ஒரு வித்தையைக் கற்கும் இடத்தை நாம் பெரும்பாலும் கவனியாது கடந்துவிடுகின்றோம். இளவரசன் வில்வித்தை பயின்றான், வணிகன் பிறநாட்டு மொழியைக் கற்றான் என்று ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டுக் கதாசிரியர் போர்க்களத்துக்கும் கப்பற்றுறைக்கும் விரைந்துவிடுகின்றார். எனினும் அந்த ஒரு வாக்கியத்துள்ளேதான் அப்படைப்பின் சமுதாய நோக்கு அடங்கியிருக்கின்றது. யார் கற்கலாம், யாரிடம் கற்கலாம், கற்பதற்கு என்ன விலை கொடுக்கவேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் ஆசிரியர் அறிந்தோ அறியாமலோ அங்கே விடை தந்துவிடுகின்றார். அவ்விடையை வெளிக்கொணர்தல் விமர்சனத்தின் கடமைகளுள் ஒன்று.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிக வாய்ப்பான ஒரு கலைவடிவம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. மேசையைச் சுற்றியிருந்து வேடமேற்று ஆடும் விளையாட்டு அது. 2016 இல் தொடங்கிய 'ஸ்ரேஞ்சர் திங்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்த மாணவர்கள், நான்கு சிறுவர் அவ்வாறு கூடியிருந்து ஆடும் காட்சியை நினைவுகூர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். பாத்திரத்தின் வலிமை, அறிவு, தெரிந்த தொழில்கள், பேசும் மொழிகள் யாவும் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். 'பூட்டைத் திறக்க முயல்கிறேன்' என்றோ 'காவலனோடு அவன் மொழியிற் பேசுகிறேன்' என்றோ ஆடுபவர் சொல்ல, பகடையை உருட்டி அம்முயற்சியின் பலன் தீர்மானிக்கப்படும். எழுதிவைத்த வசனம் இல்லை. முடிவும் முன்கூட்டித் தெரியாது. ஒரே கதை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடர்வதால் பாத்திரம் வளரவேண்டும், வளர்வதாயின் கற்கவேண்டும். ஆகவே, நாவலாசிரியர் ஒரு வாக்கியத்தில் மறைத்துவிடும் விஷயத்தை இவ்விளையாட்டு நூல்கள் சட்டமாகவே எழுதிவைக்க வேண்டியிருக்கின்றது. தமிழிலே 'விதி' என்னும் சொல் சட்டத்தையும் குறிக்கும், தலையெழுத்தையும் குறிக்கும். கற்றல்பற்றிய விதிகளைப் படிக்கும்பொழுது இவ்விரு பொருளும் எவ்வளவு நெருங்கியவை என்பது புலனாகின்றது.

புதிய வடிவத்தை எடைபோடுமுன், எமது அரங்கு இதே வினாக்களுக்கு என்ன விடை தந்து வந்துள்ளது என்பதை நோக்குதல் முறை. கர்ணன் கதை அறியாத தமிழூர் இல்லை. தேரோட்டியின் வீட்டில் வளர்ந்த அவன், பிராமணருக்கே வித்தை வழங்குவதென்றிருந்த பரசுராமரிடம் தன்னைப் பிராமணனென்று கூறிக் கற்றான். அவன் மடியிலே தலைவைத்துக் குரு உறங்கும்போது வண்டொன்று அவன் தொடையைத் துளைக்கின்றது. குருவின் துயில் கலையலாகாதென்று அவன் நோவைப் பொறுத்திருக்கின்றான். அந்தப் பொறுமையே அவன் பிராமணன் அல்லன் என்பதைக் காட்டிக்கொடுக்கின்றது. வேண்டிய வேளையிலே வித்தை மறந்துபோகக் கடவது என்பது அவனுக்குக் கிடைத்த சாபம். இங்கே மாணவனின் ஆற்றலிற் குறை காணப்படவில்லை. அவன் கற்றான், கற்றுத் தேறியும்விட்டான். நல்ல மாணவனிடம் எந்த ஆசிரியரும் விரும்பும் பொறுமையும் குருபக்தியும் அவன்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குச் சான்றுகளாயின. ஏகலைவன் கதையோ இன்னும் வெளிப்படையானது. கற்பிக்க மறுத்த குரு, கற்பிக்காத வித்தைக்குக் கட்டைவிரலைக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டார்.

இதன் மறுபக்கத்தை அரிச்சந்திரன் கதையிலே காணலாம். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் 'மயான காண்டம்' யாழ்ப்பாணத்து இசை நாடக மரபின் சிகரங்களுள் ஒன்று. கோயில் வீதிகளிலே விடியும்வரை அமர்ந்து அதனைக் கண்டு கண்ணீர் சிந்திய தலைமுறை எங்கள் பெற்றோரின் தலைமுறை. அரசன் தன்னை வீரவாகுவுக்கு விற்று, சுடலை காக்கும் தொழிலை ஏற்கின்றான். கால்பணமும் முழத்துண்டும் கேட்டு வாங்கும் கடமையை வழுவாது செய்கின்றான். வைரமுத்துவின் குரல் வளத்துக்கும் நடிப்புக்கும் நாம் தலைவணங்குகின்றோம். ஆயினும் கதையின் நோக்கை விசாரியாது விடுதல் இயலாது. பிணம் எரித்தல் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் செய்துவந்த தொழில். விறகடுக்கும் முறையும் நெருப்பின் போக்கும் அறிந்தோர்க்கே கைவருவது. கதையில் அது தொழிலாகவே தோன்றவில்லை. மன்னனின் சத்தியத்தைச் சோதிக்கும் இழிநிலையாகவே தோன்றுகின்றது. இறுதியிலே மன்னன் அரியணைக்கு மீள்கின்றான். அதே சுடலையில் நாளையும் விறகடுக்க வேண்டியவனைப்பற்றிக் கதைக்குக் கவலை இல்லை. மேல்நோக்கிய கல்விக்குச் சாபமும், கீழ்நோக்கிய தொழிலுக்குச் 'சோதனை' என்ற பெயரும் கிடைக்கின்றன.

இவை புராணங்கள்தாமே என்று ஒதுக்கிவிடுதல் யாழ்ப்பாணத்தவர்க்கு எளிதன்று. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்கவேண்டும் என்று ஆணை பிறந்தபோது, இந்தக் குடாநாட்டிலே பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை நிலத்திலிருந்து எழுந்து வாங்கிலே அமர்ந்தமைக்குப் பரசுராமரின் சாபம் நெருப்பாக வந்தது. பின்னர் அதே யாழ்ப்பாணத்திலே சவரத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்திற் பிறந்த டொமினிக் ஜீவா எழுத்தை இன்னொரு தொழிலாகக் கற்று, 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதியைத் தந்து, 1966 இல் 'மல்லிகை' என்ற சஞ்சிகையைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். சாபம் பலிக்கவில்லை. ஆனால் சாபமிட்ட சமுதாயம் அப்படியொன்றை இட்டதென்பதை நாம் மறந்துவிடலாகாது.

இப்பின்னணியோடு மேசை விளையாட்டின் விதிகளுக்கு வருவோம். 1974 இல் கைகாக்ஸ், ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுக்களின் முன்னோடி. அதன் முதற் பதிப்பிலே குள்ளர் இனத்துப் பாத்திரம் போர்வீரனாக மாத்திரமே விளங்கலாம். அவனும் ஆறாம் படிக்கு மேல் ஏறல் இயலாது. மனிதனுக்கோ எல்லை இல்லை. தொழிற்பிரிவைக் குறிக்க அந்நூல் கையாளும் ஆங்கிலச் சொல்லை 'வர்க்கம்' என்றும் 'வகுப்பு' என்றும் தமிழாக்கலாம் என்பது வேடிக்கையான பொருத்தம். விளையாட்டின் சமநிலைக்காகவே இவ்வெல்லைகள் இடப்பட்டன என்று விளக்கம் கூறப்படுவதுண்டு. சமநிலை காப்பதற்குப் பிறப்பைவிடப் பொருத்தமான அளவுகோல் அவர்கள் கைக்கு எட்டவில்லை என்பதே எமக்கு முக்கியமான செய்தி. எந்த உலகத்தையும் கற்பனை செய்துகொள்ளும் உரிமை பெற்றவர்களும் தாம் அறிந்த உலகத்தின் படிக்கட்டையே அங்கும் கட்டினார்கள். 2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலேதான் இவ்வெல்லைகள் நீங்கின.

பிறப்பின் பிடி தளர்ந்த இடத்திலே பணம் வந்து அமர்ந்தது. 2014 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி ஒரு பாத்திரம் புதிய மொழியொன்றையோ ஒரு கருவியைக் கையாளும் தொழிலையோ கற்க விரும்பினால், கற்பிக்க இசையும் ஓர் ஆசானைக் கண்டுபிடிக்க வேண்டும். 250 நாள் பயிலவேண்டும். நாளொன்றுக்கு ஒரு பொற்காசு செலுத்தவேண்டும். 2017 இல் வந்த துணைநூல் இதனைப் பத்து வாரமாகச் சுருக்கியது. வாரக் கட்டணம் 25 பொற்காசு. பெருக்கிப் பார்த்தால் மீண்டும் 250 காசே வருகின்றது. காலம் குறைந்தது, விலை குறையவில்லை. கூர்மதியுடைய பாத்திரத்துக்குச் சில வாரங்கள் கழிக்கப்படும் என்பதொன்றே வேறுபாடு. தனியார் கல்வி நிலையங்களின் வாயிலிலே பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் எமது பெற்றோருக்கு இந்தக் கணக்கு விளங்காததன்று.

இவ்விதியின் பெருங்குறை வேறொன்று. கற்கும் மொழியைப் பேசுவோரிடையே வாழ்ந்தாலும், ஆளில்லாக் கோபுரத்தில் அடைந்துகிடந்தாலும் நாட்கணக்கு மாறுவதில்லை. 249 ஆம் நாள் மாலையில் ஒரு சொல்லும் அறியாதவன் மறுநாட் காலையிலே தடையின்றிப் பேசுகின்றான். பிழைபடப் பேசி நகைப்புக்கு ஆளாகும் காலம், பாதி விளங்கிப் பாதி விளங்காத காலம், வேற்றுமொழியில் முதன்முதலாக ஒரு பகிடியைப் புரிந்துகொண்டு சிரிக்கும் கணம் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. மொழி கற்றலின் சாரம் இவைதாம். விதி அவற்றை விட்டுவிட்டு விலைச்சீட்டை மாத்திரம் வைத்திருக்கின்றது.

மேலும், அவ்வுலகத்தில் எல்லோர்க்கும் தெரிந்த 'பொதுமொழி' ஒன்று உண்டு. 2014 ஆம் ஆண்டு நூலின் பட்டியலிலே அதனைப் பேசுவோர் யாரென்று பார்த்தால் 'மனிதர்' என்றிருக்கும். மனிதன் தன் மொழியைப் பொதுமொழி என்று பெற்றுக்கொண்டு, விருப்பமான இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கின்றான். குள்ளரும் ஏனையோரும் தத்தம் மொழியோடு பொதுமொழியையும் அறிந்தே பிறக்கின்றார்கள். அவர்கள் அதைக் கற்பதற்கு உழைத்த உழைப்பு எத்தாளிலும் எழுதப்படுவதில்லை. 2024 ஆம் ஆண்டுப் பதிப்பு 'இனம்' என்ற சொல்லையே கைவிட்டு, எவரும் பொதுமொழியோடு வேறு இரண்டு மொழிகளைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்யலாம் என்று திருத்தியிருக்கின்றது. வரவேற்கத்தக்க திருத்தமே. பொதுமொழி மாத்திரம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஒருவரின் மொழி எவ்வாறு எல்லோரின் பொதுமொழி ஆகின்றது என்பது இலங்கைத் தமிழருக்கு விளையாட்டு வினா அன்று. 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டத்தின் பின் சிங்களத் தேர்ச்சி அரசாங்க ஊழியரின் பிழைப்போடு பிணைக்கப்பட்டது. லிகிதர் சேவையிலிருந்த கோடீஸ்வரன் என்பவர் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் 1962 இல் அவரின் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969 இல் இலண்டனிலிருந்த பிரிவுக் கவுன்சில் உயர் நீதிமன்றத்தின் முடிவைத் தள்ளி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற அடிப்படை வினாவுக்கு இறுதிவரை விடை கிடைக்கவில்லை. விளையாட்டிலே காசு கொடுத்தால் மொழி வரும். இங்கே மொழி வராவிட்டாற் காசு போயிற்று. மொழியொன்றைத் தண்டனையாக்கிய அச்சட்டம், சிங்களத்தை விரும்பிக் கற்றிருக்கக்கூடிய ஒரு தலைமுறைத் தமிழரையும் அம்மொழியிலிருந்து விரட்டியது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007 ஆம் ஆண்டின் சுற்றறிக்கை புதிதாகச் சேரும் ஊழியர் இரு சாராரும் மற்றைய மொழியை ஐந்தாண்டுக்குள் கற்கவேண்டும் என்று பணித்தது. கடமை இருபக்கத்தார்க்கும் பொதுவானமை நீதியை நோக்கிய ஓர் அடி. எனினும் ஐந்தாண்டுக் கெடுவும் பரீட்சைச் சான்றிதழும் அந்த 250 நாட் கணக்கின் உறவினரே.

விளையாட்டு நூல்கள் யாவும் இவ்வாறே எழுதப்பட்டவை என்று கூறின் அது நடுநிலை ஆகாது. 1978 இல் வெளிவந்த 'ரூண்குவெஸ்ற்' கற்றலைக் கையாட்சியோடு இணைத்தது. கதையோட்டத்தில் ஒரு திறமையைப் பயன்படுத்தி வெற்றி கண்டால் அதன் அருகே ஓர் அடையாளம் இடப்படும். கதையின் அப்பகுதி முடிந்ததும் பகடை உருட்டி அத்திறமை வளர்ந்ததா என்று பார்க்கவேண்டும். திறமை எவ்வளவு உயர்ந்திருக்கின்றதோ அவ்வளவுக்கு மேலும் வளர்தல் அரிதாகும். நீந்தியவன் நீச்சலில் வளர்வான். பேரம் பேசியவன் பேச்சில் வளர்வான். எந்தக் குலத்தவன் என்ற கேள்வி அந்த அடையாளத்துக்கு இல்லை. பணங்கொடுத்துப் பயிலும் வழியும் அந்நூலில் உண்டெனினும், செய்கையிலிருந்து அறிவு பிறக்கின்றது என்னும் உண்மையை ஒரு விளையாட்டு விதியாகக் காண்பதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் வெற்றி பெற்ற முயற்சிக்கே அங்கு அடையாளம் கிடைக்கும். தோல்வி எதையும் கற்பிப்பதில்லை. 2012 இல் வந்த 'டன்ஜன் வேர்ல்ட்' இதனைத் தலைகீழாக்கி, முயற்சி தவறும் ஒவ்வொரு முறையும் பாத்திரத்துக்கு ஓர் அனுபவப் புள்ளி வழங்கியது. பிழைவிட்ட பிள்ளையின் கொப்பியிலே சிவப்புக் கோட்டை மாத்திரம் கீறிக் கொடுக்கும் ஆசிரியர்கள் இவ்விதியைச் சற்று நின்று சிந்திக்கவேண்டும்.

இத்தனை விதிகளிலும் இன்னும் ஒன்று குறைகின்றது. ஆசான் பெரும்பாலும் கட்டணம் வாங்கும் பெயரற்ற மனிதராகவே நிற்கின்றார். உடன் கற்போர் இல்லவே இல்லை. இந்த இடத்திலே எமது கூத்து மரபு உலகத்துக்குச் சொல்லத்தக்க ஒன்றை வைத்திருக்கின்றது. கூத்தின் கதைகள் கர்ணனைச் சபிக்கலாம். கூத்தைப் பழகும் முறை அக்கதைகளைவிட முற்போக்கானது. வட்டுக்கோட்டையிலும் பாசையூரிலும் குருநகரிலும் அண்ணாவியாரின் முன்னிலையில் மாதக்கணக்காக இரவிரவாகக் கூடிப் பழகியோர் பகலிலே தோட்டத்திலும் கடலிலும் உழைத்தோர். மட்டக்களப்பிலே சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று படிப்படியாக இப்பயிற்சி ஊரறிய நடைபெறும். தன் பாட்டை மாத்திரம் கற்றால் ஒருவன் தேறமுடியாது. எதிரே ஆடுபவனின் பாட்டும் தாளமும் அவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். ஒருவன் அடி தவறினால் மத்தளம் காத்திருக்கும். 1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றியபோது, பட்டம் பெறவிருந்த மாணவர் மட்டக்களப்புக் கிராமத்து அண்ணாவியாரின் முன்னே மாணாக்கராக நின்றனர். யாரிடம் கற்கலாம் என்ற வினாவுக்கு அந்தப் பயிற்சிக்கூடம் தந்த விடை பரசுராமரின் விடைக்கு நேர்மாறானது. கூத்து மரபிலும் குறை உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். களரியில் ஆடுவோர் யார், முன்வரிசையில் அமர்வோர் யார் என்பதைச் சாதியே பல ஊர்களிற் தீர்மானித்தது. ஆயினும் கற்றல் என்பது கூட்டுழைப்பு என்னும் உண்மை அங்கே உயிரோடிருந்தது.

மேசை விளையாட்டுக்களிலும் இவ்வுண்மையை நெருங்கிய ஒன்று உண்டு. 'சைன்' என்னும் சிறிய ஆட்டத்தின் களம் 1977 ஆம் ஆண்டின் நிக்கரகுவா. அதுவரை தத்தம் வீடுகளிலே தனித்திருந்த செவிப்புலனற்ற பிள்ளைகள் அங்கே ஒரு பாடசாலையிற் சேர்க்கப்பட்டனர். ஆசிரியர்கள் உதட்டசைவையும் எழுத்தையும் கற்பிக்க முயன்றனர். பிள்ளைகளோ தமக்குள்ளே கைகளால் ஒரு புதிய மொழியை ஆக்கிக்கொண்டனர். இது மொழியியலார் ஆராய்ந்து எழுதிய வரலாறு. இவ்வாட்டத்திலே பங்குபற்றுவோர் வாய்திறந்து பேசலாகாது. ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளச் சைகைகளைத் தாமே உருவாக்க வேண்டும். இங்கு மொழிக்கு விலை இல்லை, பிறப்புரிமையும் இல்லை. மற்றவர் விளங்கிக்கொண்டாலன்றி எவரும் மொழி கற்றவராகார். பொதுமொழி என்ற பெயருக்கு உண்மையில் உரியது இத்தகைய மொழியே. அது ஒரு சாராரின் மொழி மற்றையோர்மீது படர்ந்ததனால் உண்டாகவில்லை. எல்லோரும் சேர்ந்து ஆக்கியதனால் உண்டாயிற்று.

இவ்விளையாட்டுக்களை மேல்நாட்டுப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடவேண்டும் என்றோ அப்படியே இறக்குமதி செய்யவேண்டும் என்றோ நாம் கூறவரவில்லை. விதியை ஆடுவோரே திருத்தலாம் என்பது இவ்வடிவத்தின் தனிச்சிறப்பு. ஐம்பது ஆண்டுகளிலே பிறப்பெல்லை நீங்கியதும் 'இனம்' என்ற சொல் கைவிடப்பட்டதும் ஆடுவோரிடையே நிகழ்ந்த நெடுங்கால வாதங்களின் பின்னரே. 2023 ஆம் ஆண்டு தொடக்கத்தில், 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' உரிமையாளரான நிறுவனம் பிறர் அவ்விதிகளைப் பயன்படுத்துவதற்கு முன்னர் அளித்திருந்த உரிமத்தை மாற்ற முனைந்தபோது, ஆடுவோரின் எதிர்ப்பு அதனைப் பின்வாங்கச் செய்தது. அடிப்படை விதிகள் எவரும் பயன்படுத்தவும் மொழிபெயர்க்கவும் கூடிய திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டன. தலைவிதி என்று தோன்றுவதையும் கூடிநின்றால் மாற்றலாம் என்பதற்கு இஃது ஒரு சிறிய சான்று.

எனவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. தாளும் பென்சிலும் பகடையும் இருந்தாற் போதும். தமிழிலே விதி எழுதி ஆடிப் பாருங்கள். சுடலை காப்பவனின் தொழிலும் போர்வீரனின் தொழிலும் ஒரே தாளில் ஒரே அளவான திறமைகளாக எழுதப்படட்டும். சிங்களம் கற்க விரும்பும் பாத்திரம் காசு கொடுத்து வாங்காமல், அம்மொழி பேசும் இன்னொரு பாத்திரத்தோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்து கற்கட்டும்; தன் மொழியில் அவருக்கும் சிலவற்றைக் கற்பிக்கட்டும். தவறிய முயற்சிக்கும் அடையாளம் இடுங்கள். கர்ணன் மீண்டும் பரசுராமரின் வாயிலுக்கு வரட்டும். இம்முறை அவன் பொய் சொல்லவேண்டியிராத விதியொன்றை உங்கள் வகுப்பு எழுதட்டும்.

அவ்விதியை எழுதும்போது மாணவர் தம்மிடையே வாதிடுவர். ஒருவர் பிறப்பைக் கொண்டுவருவார், ஒருவர் பணத்தைக் கொண்டுவருவார், இன்னொருவர் பரீட்சையைக் கொண்டுவருவார். அந்த வாதத்தை அவசரப்பட்டு முடித்துவைக்காதீர்கள். இலக்கியப் பாடத்திலும் குடியியற் பாடத்திலும் நாம் ஓராண்டு முழுவதும் சொல்லிக்கொடுக்க முயலும் விஷயம், அங்கே அவர்கள் வாயாலேயே பேசப்படும்.